இன்னும் ஒரு ஜோடி

மந்தைவெளியில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். வங்கியில் 35 வருஷம் அடுத்தவர் கணக்கைப் பார்த்துவிட்டு ரிட்டயர் ஆனவர். சில மாதங்களுக்கு முன் அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது ஹாலில் டி.வி.க்குப் பக்கத்தில் புதிதாக ஒரு மீன் தொட்டி இருந்தது. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். அடியில் கூழாங்கல், நாலைந்து பச்சைச் செடி, மூலையில் சளசளவென்று ஃபில்டர், மேலே விளக்கு. எல்லாம் இருந்தது, மீனைத் தவிர.

'எங்கே சார் மீன்?'

'இன்னும் வரலை. அஞ்சு வாரமா தயார் பண்ணிட்டிருக்கேன்' என்றார். சொல்லிக்கொண்டே ஒரு சிட்டிகை மீன் தீனியை எடுத்து அந்த வெறும் தண்ணீரில் தூவினார். உள்ளேயிருந்து காபியோடு வந்த அவர் மனைவி என்னைப் பார்த்த பார்வையில், 'நீங்களாவது ஒரு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகக்கூடாதா?' என்கிற விண்ணப்பம் தெரிந்தது.

அவர் செய்ததில் பைத்தியக்காரத்தனம் எதுவுமில்லை. கொஞ்சம் ரசாயனம், பொறுத்துக்கொள்ளுங்கள். மீன் மூச்சு விடும்போதே செவுள் வழியாக அம்மோனியாவை வெளியே தள்ளுகிறது. அதன் கழிவிலிருந்தும், தின்னாமல் விட்ட தீனி அழுகுவதிலிருந்தும் இன்னும் கொஞ்சம் சேரும். ஆற்றிலும் குளத்திலும் இது எங்கேயோ கரைந்து போய்விடும். கண்ணாடிப் பெட்டிக்குள் எங்கே போகும்? நாம் பாத்ரூமுக்கு எழுந்து போகிறோம். மீன் அதிலேயே குடியிருக்கிறது, அதையே சுவாசிக்கிறது.

காப்பாற்றுவது பாக்டீரியா. ஒரு கூட்டம் அம்மோனியாவைத் தின்று நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் விஷம்தான். இன்னொரு கூட்டம் அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். இது பரவாயில்லை ரகம். வாரத்துக்கு ஒருமுறை கால் பங்கு தண்ணீரை மாற்றினால் அடங்கியிருக்கும். இந்த அஞ்சலோட்டத்தை 1890 வாக்கில் மண்ணில் கண்டுபிடித்துச் சொன்னவர் செர்கெய் வினோகிராட்ஸ்கி என்கிற ரஷ்ய விஞ்ஞானி. அதேதான் உங்கள் வீட்டு ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் நடக்கிறது. ஆனால் இந்தக் கூட்டத்துக்கு அவசரமே கிடையாது. பாலைத் தயிராக்குகிற பாக்டீரியா ராத்திரிக்குள் வேலையை முடித்துவிடும். இவை இரண்டு மடங்காவதற்கே ஏறக்குறைய ஒரு நாள் எடுத்துக்கொள்ளும். அதனால்தான் புதுத் தொட்டிக்கு நாலிலிருந்து ஆறு வாரம் காத்திருக்க வேண்டும் என்கிறார்கள். அதுவரை பாக்டீரியாவுக்கு யார் சோறு போடுவது? அந்த ஒரு சிட்டிகைத் தீனி அதற்குத்தான். அது அழுகி, அம்மோனியாவாகி, கண்ணுக்குத் தெரியாத அந்தக் கூட்டத்தை வளர்க்கிறது.

தினமும் சோதனைக் குழாயில் நாலு சொட்டு மருந்து விட்டுப் பார்ப்பார் நண்பர். அம்மோனியா இருந்தால் பச்சை, இல்லையென்றால் மஞ்சள். ஒரு நாள் சுத்தமான மஞ்சள் வந்தது. மறுநாளும் மஞ்சள். நைட்ரைட்டும் பூஜ்யம். பேரனை அழைத்துக்கொண்டு கடைக்குப் போனார். ஆறு மீன் வாங்கி வந்தார். ஜீப்ரா என்று விற்பார்களே, உடம்பில் நீலக்கோடு போட்ட ஒன்றரை அங்குல மீன். கங்கைச் சமவெளிப் பக்கத்து நம்ம ஊர் மீன்தான். ஆறே ஆறு.

அன்றைக்கு ஆரம்பித்தது பிரச்னை.

பேரனுக்கு ஏமாற்றம். மனைவிக்கு வெட்கம். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்த மைத்துனர் தொட்டி முன்னால் நின்று ஓவென்று சிரித்தார். 'என்ன அத்தான், கல்யாண மண்டபத்தை வாடகைக்குப் பிடிச்சுட்டு ஆறு பேரைக் கூப்பிட்ட மாதிரி இருக்கு! இன்னும் ஒரு முப்பது போடலாமே. கடைல இதைவிட சின்னத் தொட்டில இருநூறு வச்சிருக்கான்.'

நண்பர் எனக்கு போன் செய்தார். 'நான் கஞ்சத்தனம் பண்றேனா?' என்று நிஜமாகவே கேட்டார்.

சிரித்துவிட்டு வைத்துவிடக்கூடிய கேள்விதான். ஆனால் எனக்கு அது இரண்டு நாள் தூக்கத்தைக் கெடுத்தது. காரணம் பிறகு சொல்கிறேன். முதலில் மைத்துனருடைய கட்சியை நியாயமாகப் பார்த்துவிடுவோம். ஏனென்றால் நம்மில் பெரும்பாலோர் அவர் கட்சிதான்.

கடைத் தொட்டியில் இருநூறு இருப்பது உண்மை. கொளத்தூர் பக்கம் போனால் வீட்டுக் கொல்லையில் சிமென்ட் தொட்டி கட்டி ஆயிரக்கணக்கில் வளர்க்கிறார்கள். சென்னையின் வண்ண மீன் வியாபாரத்துக்கு அதுதான் தலைநகரம். அந்தக் காலத்தில் மூர் மார்க்கெட்டிலேயே மீன் விற்றார்கள், 1985-ல் அது எரிந்துபோகும் வரைக்கும். ஆனால் கடைத் தொட்டி என்பது பஸ் ஸ்டாண்ட். மீன் அங்கே குடியிருப்பதில்லை, பஸ்ஸுக்குக் காத்திருக்கிறது. தெரிந்த கடைக்காரர் தண்ணீரை அடிக்கடி மாற்றுவார், தீனியைக் குறைத்துப் போடுவார், காற்றை இரவு பகலாக ஓட விடுவார். கோயம்பேட்டில் ஒரு ராத்திரி துண்டை விரித்துப் படுக்கலாம். அதற்காக அங்கேயே குடித்தனம் நடத்தச் சொல்வீர்களா?

அடுத்து, தொட்டி 'ரெடி' என்பதன் அர்த்தம். எத்தனை பேருக்கு ரெடி? பாக்டீரியா எப்போதும் கிடைக்கிற சாப்பாட்டின் அளவுக்குத்தான் வளரும். ஒரு சிட்டிகைத் தீனியை நம்பி வளர்ந்த கூட்டத்துக்கு ஒரு சிட்டிகை அளவுதான் வேலை தெரியும். பந்தியில் பத்து இலைக்குச் சமைத்திருக்கிறார்கள். திடீரென்று எண்பது பேர் உட்கார்ந்துவிட்டால் சமையல்காரர் என்ன செய்வார்? ரசத்தில் தண்ணீர் ஊற்றுவார். பாக்டீரியாவால் அதுவும் முடியாது. மிச்ச அம்மோனியா அப்படியே நிற்கும். முதல் நாள் தெரியாது. மூன்றாம் நாள் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். 'பாரு, நம்மளோட பேசுது' என்று குழந்தைகளுக்குக் காட்டுவோம். அது பேச்சில்லை.

சென்னையில் இது இன்னும் கொஞ்சம் மோசம். 20 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்துக்கொள்ளும். 30 டிகிரியில் ஏழரைதான். மே மாதம் உங்கள் ஹாலில் தண்ணீர் என்ன சூடு என்று கைவிட்டுப் பாருங்கள். சூடு ஏற ஏற மீனுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன் கூடும், கிடைப்பது குறையும். தண்ணீரின் காரத்தன்மை வேறு. பி.ஹெச். 7-ல் இருப்பதைவிட 8-ல் அதே அம்மோனியாவின் விஷப் பகுதி ஏறக்குறைய பத்து மடங்கு. சென்னையின் பல போர் தண்ணீர் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது பாத்ரூம் குழாயில் படியும் வெள்ளையைப் பார்த்தாலே ஊகிக்கலாம். வெளிநாட்டுப் புத்தகத்தில் போட்டிருக்கிற எண்ணிக்கையை அப்படியே மயிலாப்பூரில் பின்பற்றினால் கணக்கு உதைக்கும்.

எண்ணிக்கை என்றதும் எல்லோரும் சொல்கிற ஒரு விதி இருக்கிறது. ஒரு காலன் தண்ணீருக்கு ஓர் அங்குல மீன். சுலபமாக இருப்பதால் பிரபலமாகிவிட்டது. ஓர் அங்குல கப்பி பத்தும் பத்து அங்குல ஆஸ்கர் ஒன்றும் சமமா? நீளம் பத்து மடங்கானால் எடை சுமார் ஆயிரம் மடங்காகும். மீன் கழிவை நீளத்தில் போடுவதில்லை, எடையில் போடுகிறது. பத்து பேர் வந்து உட்கார்ந்தது போல அல்ல, ஆயிரம் பேர் வந்து உட்கார்ந்தது போல. நண்பரின் தொட்டி வெளியளவில் 56 லிட்டர். கல்லும் செடியும் மேலே விட்ட இடமும் போக 45 தேறும். வங்கிக்காரர் அல்லவா, கடன் கொடுப்பது போல கணக்குப் போட்டார். முதலில் ஆறு. இரண்டு வாரம் பார்ப்பது. தினமும் மஞ்சள் வந்தால் இன்னும் இரண்டு. மறுபடி இரண்டு வாரம். எல்லை மொத்தம் பத்து.

ஏன் ஆறு, மூன்று போதாதா என்று கேட்டேன். ஜீப்ரா கூட்டமாக வாழ்கிற மீன், குறைந்தால் பயந்து செடிக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் என்றார். இதைக் கவனியுங்கள். கடையில் நாம் என்ன செய்கிறோம்? 'இதில் ஒண்ணு, அதில் ஒண்ணு, அந்தக் கறுப்பு ஒண்ணு' என்று ஸ்வீட் ஸ்டாலில் அரை கிலோ மிக்சட் வாங்குவது போல வாங்குகிறோம். தொட்டி நெரிசலாகவும் இருக்கும், உள்ளே ஒவ்வொரு மீனும் அநாதையாகவும் இருக்கும். ஸ்விட்சர்லாந்தில் கூட்டமாக வாழும் பிராணிகளைத் தனியாக வைக்கக்கூடாது என்று 2008-ல் சட்டமே வந்தது. அதில் கோல்டு ஃபிஷ்ஷும் அடக்கம். இத்தாலியில் ரோம் நகராட்சி 2005-ல் உருண்டைக் கண்ணாடிக் கிண்ணத்தில் மீன் வைப்பதையே தடை செய்தது. நமக்கு இது கொஞ்சம் ஓவராகத் தெரியலாம். தி.நகரில் மனுஷனுக்கே நிற்க இடமில்லாதபோது மீனுக்குச் சட்டமா?

இப்போது என் தூக்கம் கெட்ட காரணம்.

அடையாறில் என் வீட்டிலும் ஒரு தொட்டி இருந்தது. நண்பருடையதைவிடக் கொஞ்சம் பெரியது. ஆரம்பத்தில் ஏழு மீன். பெண் பரீட்சையில் நல்ல மார்க் வாங்கினாள், ஒரு ஜோடி. யாரோ சொன்னார்கள் என்று அழுக்கைத் தின்ன ஒரு சக்கர். ஒரு கோல்டு ஃபிஷ் தனியாக இருக்கிறதே என்று துணைக்கு இன்னொன்று. மோலி குட்டி போட்டது, அதில் நாலு பிழைத்தது. இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு நல்ல காரணம். 2016 டிசம்பரில் எண்ணினால் 23. எல்லாம் ஜம்மென்று நீந்திக்கொண்டிருந்தன. அதற்காக எனக்கு நானே பாராட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

டிசம்பர் 12, திங்கட்கிழமை வர்தா வந்தது. மரங்கள் விழுந்தன, கம்பங்கள் விழுந்தன, கரன்ட் போனது. இன்வெர்ட்டர் ராத்திரிக்குள் உயிரை விட்டது. ஃபில்டர் நின்றது. பகலில் ஒன்றும் தெரியவில்லை. ராத்திரி மெழுகுவர்த்தியோடு பார்த்தபோது எல்லா மீனும் மேற்பரப்பில் வரிசையாக நின்றன, வாய் மட்டும் காற்றைத் தொட்டபடி. ஒரு மக்கை எடுத்து, தண்ணீரை மொண்டு, உயரத்திலிருந்து ஊற்ற ஆரம்பித்தேன். டீ ஆற்றுவது போல. அப்போது கொஞ்சம் காற்று கலக்கும். நான் ஒரு மணி நேரம், மனைவி ஒரு மணி நேரம், பெண் ஒரு மணி நேரம் என்று ஷிஃப்ட் போட்டோம். நிறுத்தினால் பத்தாவது நிமிஷம் மறுபடி மேலே வந்துவிடும். மாற்று ஊற்ற நல்ல தண்ணீரும் இல்லை. மோட்டார் ஓடினால்தானே? இரண்டாம் நாள் விடியற்காலையில் கை ஓய்ந்து சோபாவில் தூங்கிவிட்டேன். எழுந்தபோது முதலில் போயிருந்தது கோல்டு ஃபிஷ் இரண்டும். அவை அழுக ஆரம்பித்ததில் மற்றவற்றுக்கு இன்னும் மோசமானது. நாலாம் நாள் கரன்ட் வந்தபோது மிச்சம் ஐந்து. அதில் ஒன்று அந்த சக்கர். அதற்கு வயிற்றாலும் காற்றை இழுக்கத் தெரியும்.

கீழ் வீட்டுப் பையனிடமும் ஒரு தொட்டி இருந்தது. அதே புயல், அதே இருட்டு. அவனுக்கு பாக்கெட் மணியில் வாங்க முடிந்தது ஐந்தே மீன். அவன் மக்கையே தொடவில்லை. பாட்டி வீட்டுக்குப் போய்விட்டான். திரும்பி வந்தபோது ஐந்தும் பசியோடு இருந்தன, அவ்வளவுதான்.

ஆக, என் தொட்டிக்கு 23 மீன் தாங்குமா என்றால், தாங்கியது. கரன்ட் இருக்கும் வரை, ஃபில்டர் ஓடும் வரை, நான் ஊரில் இருக்கும் வரை, வெயில் மிதமாக இருக்கும் வரை. அந்த 'வரை'யெல்லாம் நான் எண்ணவில்லை. நல்ல நாளில் நின்றுகொண்டு கொள்ளளவை அளந்தேன். வர்தாவின் மூன்றாம் நாள் ராத்திரிக்கு எத்தனை மீன் தாங்கும் என்று கேட்டிருக்க வேண்டும். அந்தக் கேள்விக்கு விடை ஏழு. நான் ஆரம்பித்த அதே ஏழு.

சரி, இந்த 23-ல் எந்த மீன் குற்றவாளி? எட்டாவதா? பதினைந்தாவதா? எதைப் போட்டபோது தப்பு நடந்தது? யோசித்துப் பார்த்தால் எந்த ஒன்றையும் கைகாட்ட முடியவில்லை. ஒரு மீன் சேர்வதால் ஒரு தொட்டி கெட்டுவிடாது. இது எப்போதும் உண்மை. அதனால்தான் இது ஆபத்தான உண்மை. கிரேக்கத்தில் யூபுலிடீஸ் என்கிற தர்க்கக்காரர் 2,300 வருஷத்துக்கு முன்பே இப்படி ஒரு புதிர் போட்டிருக்கிறார். ஒரு தானியம் குவியல் ஆகாது, இன்னொன்று சேர்த்தாலும் ஆகாது, பிறகு குவியல் எப்போதுதான் வந்தது? கிரேக்கம்வரை போக வேண்டியதில்லை. மயிலாப்பூர்க்காரர் என்று நாம் சொந்தம் கொண்டாடுகிற வள்ளுவர் 'வலியறிதல்' அதிகாரத்தில் வண்டியில் ஏற்றுவதற்குப் பாறாங்கல்லைத் தேர்ந்தெடுக்கவில்லை. மயிலிறகைத் தேர்ந்தெடுத்தார். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தபோது எனக்கு அதன் அருமை தெரியவில்லை. ஒவ்வொரு இறகும் ஓர் ஆளின் நல்லெண்ணம் என்று 23 மீனுக்குப் பிறகுதான் புரிந்தது.

நம்ம ஊரின் தேசிய வசனம் ஒன்று உண்டு. 'கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க.' ரயிலில் மூன்று பேர் ஸீட்டில் நாலாவது ஆள் சொல்வார். ஷேர் ஆட்டோக்காரர் சொல்வார். நானும் இந்த வசனத்துக்கு விரோதியில்லை. இதில் ஒரு பெருந்தன்மை இருக்கிறது. நாம் ஒடுங்கிக்கொண்டால் இன்னொருத்தர் வீடு போய்ச் சேருவார். ஆனால் ரயிலில் ஒடுங்குவது நான். மூச்சு முட்டினால் எழுந்து வாசல் பக்கம் நிற்கலாம், அடுத்த ஸ்டேஷனில் இறங்கலாம், சண்டையாவது போடலாம். தொட்டி விஷயத்தில் 'அட்ஜஸ்ட் பண்ணிக்கும்' என்று சொல்வது நான். பண்ணிக்கொள்ள வேண்டியது மீன். அதற்கு இறங்கும் ஸ்டேஷன் கிடையாது. அந்தத் தண்ணீரை ஒரு விநாடிகூட சுவாசிக்காத நான், அதில் எத்தனை பேர் சுவாசிக்கலாம் என்று சோபாவில் சாய்ந்துகொண்டு முடிவு செய்கிறேன். தாராளம் என்று நான் நினைத்தது அடுத்தவர் மூச்சில் செய்த தாராளம்.

'வஞ்சிரம் வறுத்துச் சாப்பிடற வீட்டில மீனுக்கு இவ்வளவு கவலையா?' என்று நண்பரின் மைத்துனரே கேட்டாராம். நல்ல கேள்வி. என் வீட்டிலும் வஞ்சிரம் உண்டு. எனக்குத் தோன்றுகிற பதில் இது. சாப்பாட்டுக்கான கணக்கு வேறு, அதில் நான் சுத்தம் என்று சொல்லவில்லை. ஆனால் வஞ்சிரத்திடம் நான் எந்த வாக்கும் கொடுக்கவில்லை. இந்த ஆறு மீனைக் கண்ணாடிக்குள் வைத்து, 'நான் உன்னைப் பார்த்துக்கொண்டிருக்க ஆசைப்படுகிறேன், மற்றதை நான் கவனித்துக்கொள்கிறேன்' என்று அழைத்து வந்திருக்கிறேன். விருந்தாளி என்று கூப்பிட்டுவிட்டு வாசலில் நிறுத்துவது பட்டினி கிடக்கும் ஊரில் சாப்பிடுவதைவிட வேறு மாதிரியான தப்பு. மீனுக்கு வலிக்குமா என்பதும் இப்போது அவ்வளவு சுலபமாகத் தள்ளக்கூடிய கேள்வியில்லை. லின் ஸ்னெடன் என்கிற விஞ்ஞானியும் அவர் சகாக்களும் 2003-ல் ட்ரவுட் மீனின் முகத்தில் வலியை உணரும் நரம்புகள் இருப்பதைக் காட்டினார்கள். அதற்கு 'வலி' என்று நாம் சொல்கிற அனுபவம் உண்டா என்று விஞ்ஞானிகள் இன்னும் வாதாடுகிறார்கள். வாதாடி முடிக்கட்டும். அதுவரை சந்தேகத்தின் பலனை மீனுக்குக் கொடுப்பதில் எனக்கு நஷ்டமில்லை.

'அப்படியென்றால் ஆறு மீனும் சிறைதானே, வளர்க்காமலே இருந்துவிடலாமே?' என்று ஒரு வாசகர் எழுதப்போகிறார், தெரியும். அவரோடு என்னால் முழுசாகச் சண்டை போட முடியாது. என் பதில் அரைகுறையானதுதான். பண்ணையில் பிறந்த மீன் ஆற்றைப் பார்த்ததில்லை. அதைப் பார்க்கிற குழந்தைக்கு, வாயில்லாத ஒன்று தன்னை நம்பி இருக்கிறது என்கிற எண்ணம் முதல்முதலாக வருகிறது. அந்த லாபம் நமக்கு. மீனுக்கு என்ன லாபம் என்று கேட்டால் தலையைச் சொறிய வேண்டியதுதான்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். நெரிசலானதும் மனசாட்சி உறுத்தி, ஒரு பாலித்தீன் பையில் போட்டு எடுத்துப் போய் ஆற்றில், ஏரியில் விட்டுவிட்டு 'புண்ணியம்' என்று கையைத் தட்டிக்கொண்டு வருகிறோமே, அது. அழுக்கைத் தின்னும் என்று இரண்டு அங்குலத்தில் வாங்குகிற சக்கர் தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. ஓரடிக்கு மேல் வளரும். உடம்பு முழுக்கக் கவசம். கரையில் வளை தோண்டி முட்டையிடும், சாக்கடைத் தண்ணீரிலும் பிழைக்கும். இப்படி யாரோ விட்ட புண்ணியங்கள்தான் சென்னையைச் சுற்றியுள்ள நீர்நிலைகளில் பெருகி, மீனவர் வலையில் விற்க முடியாத குப்பையாக ஏறுகின்றன. என் தொட்டியின் நெரிசலை நான் ஏரிக்கு மாற்றிவிட்டேன், அவ்வளவுதான்.

ஏரி என்றதும் ஞாபகம் வருகிறது. இந்த ஊரில் காலி இடத்தைப் பார்த்தால் நமக்கு ஏன் இவ்வளவு கை அரிக்கிறது? தி.நகரில் ரங்கநாதன் தெருவில் தோளால் வழி பண்ணிக்கொண்டு நடக்கிறீர்களே, அந்தப் பக்கமெல்லாம் ஒரு காலத்தில் ஏரி. மயிலாப்பூர் ஏரி, நீளமாக இருந்ததால் வெள்ளைக்காரர்கள் 'லாங் டேங்க்' என்றார்கள். கோடையில் வற்றிக் கிடந்த இடம், 'சும்மா கிடக்கு' என்று தோன்றியிருக்கும். நகரம் பெருகுகிறது, ஜனங்களுக்கு வீடு வேண்டும், நல்ல காரணம்தான். 1923 வாக்கில் ஏரியை எடுத்து மனை போட ஆரம்பித்தார்கள். நீதிக்கட்சித் தலைவர் தியாகராய செட்டியார் பெயரில் தி.நகர் வந்தது, பனகல் ராஜா பெயரில் பூங்கா வந்தது. மேற்கு மாம்பலத்தில் இன்னமும் லேக் வியூ ரோடு இருக்கிறது. வியூதான் இல்லை. மழை வந்தால் சில மணி நேரத்துக்கு லேக் மட்டும் திரும்பி வருகிறது. 2015 டிசம்பரில் அடையாறு கரை மீறியபோது, சும்மா கிடந்த இடங்களெல்லாம் எதற்காகச் சும்மா கிடந்தன என்று இந்த ஊருக்கே புரிந்தது. தண்ணீர் வடிந்ததும் மறந்தும்விட்டது. அந்த ஏரியின் மேல் கட்டிய வீட்டில் நான் பல வருஷம் வாடகைக்கு இருந்திருக்கிறேன், எனவே யார் மேலும் கல் எறிகிற தகுதி எனக்கில்லை. என் 16 மீனைப் போலத்தான் அந்த வீடுகளும். எந்த ஒரு வீடும் தப்பில்லை.

1850-ல் லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்கிற வேதியியல்காரர் 12 காலன் கண்ணாடிப் பாத்திரத்தில் கொஞ்சம் நீர்ச்செடி, கொஞ்சம் நத்தை வைத்து, தண்ணீரை மாற்றாமல் மீன் வளர்த்துக் காட்டினார். வீட்டு மீன் தொட்டிக்கு அவர் ஒரு முன்னோடி. எத்தனை மீன் தெரியுமா? இரண்டு. சின்ன கோல்டு ஃபிஷ் இரண்டே இரண்டு. இன்றைக்கு விஷயம் தெரிந்தவர்கள் அதுவே அதிகம் என்பார்கள். இதை நண்பருக்குச் சொன்னேன். ரொம்ப சந்தோஷப்பட்டார். மைத்துனர் அடுத்த முறை வரும்போது சொல்வதற்குக் குறித்துக்கொண்டார்.

மைத்துனர் அடுத்த முறை வந்தது பேரனின் பிறந்த நாளுக்கு. அதற்குள் தொட்டியில் எட்டாகியிருந்தது. கையில் ரப்பர் பேண்ட் போட்டு உப்பிய ஒரு பிளாஸ்டிக் பை. உள்ளே நாலு அங்குலத்தில் ஒரு ஜோடி கோல்டு ஃபிஷ், செக்கச்செவேல் என்று. 'அத்தான் கஞ்சன்டா, நான் இருக்கேன் உனக்கு!' என்று பேரன் கையில் கொடுத்தார். பையன் குதித்தான். இருபது பேர் கை தட்டினார்கள். கேக் வெட்டுகிற நேரத்தில் நண்பர் மாடிப்படியில் நின்று எனக்கு போன் செய்தார். 'சபையில வேண்டாம்னு சொல்ல முடியலை. உள்ள விட்டா எட்டும் போயிடும். என்ன பண்ணட்டும்?' எனக்கும் தெரியவில்லை. வர்தா கதையை மறுபடி சொல்லத்தான் தெரிந்தது.

அன்று ராத்திரி குளோரின் நீக்கிய தண்ணீரைப் பெரிய பக்கெட்டில் நிரப்பி, ஒரு காற்றுக் குழாயைப் போட்டு, ஜோடியை அதில் விட்டு வைத்தார். காலையில் பேரனைப் பக்கத்தில் உட்கார்த்தி, சோதனைக் குழாயைக் காட்டி, மஞ்சள் ஏன் பச்சையாகும் என்று அரை மணி நேரம் விளக்கினார். பையன் அழுதான். பிறகு அவனே பையைப் பிடித்துக்கொண்டு கூட வந்தான். கடைக்காரர் மீனை வாங்கிக்கொண்டார், பணம் தர முடியாது என்றார்.

விஷயம் மைத்துனர் காதுக்குப் போய்விட்டது. போன வாரம் அவர் வீட்டு கிரகப்பிரவேசத்துக்குப் பத்திரிகை வந்தது. நண்பரின் மனைவி பெயரில் மட்டும்.